சாலைக்கடைத் தெருவும் லினக்ஸ் வகுப்பறையும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்கும் சாலைக்கடைத் தெரு, ஆரியசாலை வழியாகக் கிள்ளிப்பாலத்தை நோக்கிப் போகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய சந்தை இது. திருநெல்வேலியிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து தங்கிய தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கேரளத்தில் நின்றுவிட்ட ஆரியசாலைத் தமிழர்கள் அதன் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்க அரசுப் பள்ளி இருந்தது, இன்றும் இருக்கிறது.

பக்கத்திலேயே வலியசாலை சிவன் கோயில். பழங்காலக் கல்வி நிலையமான காந்தளூர்ச் சாலை இருந்த இடம் இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 866ஆம் ஆண்டின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, 95 மாணவர்களுக்கென ஆய் மன்னன் கருநந்தடக்கன் நிறுவிய கல்விச்சாலைக்குக் காந்தளூர்ச் சாலையைத்தான் முன்மாதிரியாகச் சொல்கிறது.

இவ்வளவு பழைய கல்வி வரலாறு உள்ள வட்டாரத்தில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கணினியில் எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்ற கேள்வி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதற்குக் கேரளம் கண்ட விடை இந்தியாவில் வேறெங்கும் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை.

2001 ஜூலை 20 அன்று, திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு மாநாட்டில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கி வைத்தார். 1983இல் குனு திட்டத்தை அறிவித்தவர் அவர். மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், அதன் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதே அவர் கொள்கை. அவருடைய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு ஐரோப்பாவை அடுத்துச் சகோதர அமைப்பு பிறந்தது இந்த ஊரில்தான். அதே ஆண்டில், விண்வெளி அறிஞர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, பள்ளிகளுக்கான ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தையும் கேரள அரசு தொடங்கியது. ஆரியசாலைக்குக் கிழக்கே, அதிகத் தொலைவில்லாத பூஜப்புரையில் அதன் தலைமையகம் அமைந்தது.

இரண்டும் உடனே கைகோத்துவிடவில்லை. முதலில் வந்த பாடத்திட்டம் ஒரே நிறுவனத்தின் பொருள்களைச் சுற்றியே இருந்தது. பிள்ளைகள் கற்றது கணினியை அல்ல, மைக்ரோசாஃப்ட் மென்பொருளின் மெனுப் பட்டியல்களை. கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்தன. பொதுப்பணத்தில் நடக்கும் வகுப்பில் ஒரு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களை ஏன் உருவாக்க வேண்டும் என்று கேட்டார்கள். விலையைப் பற்றிய புகாராக இது தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தான் என்ன கற்பிக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் ஆசிரியரின் உரிமையே அங்கே பேசப்பட்டது. 1962 முதல் ஊர் ஊராக அறிவியல் பேசிவந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் பள்ளி ஆசிரியர்களும் நெருங்கிப் பழகிய மாநிலம் அது. இந்தக் கேள்வி அங்கே எழுந்ததில் வியப்பில்லை.

மொழியும் இந்த இழுபறியின் நடுவில் இருந்தது. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் அன்றைய திரையில் மலையாளக் கூட்டெழுத்துகள் உடைந்து, துணையெழுத்துகள் இடம் மாறித் தெரிந்தன. கோழிக்கோட்டில் பொறியியல் படித்த பைஜு என்ற மாணவர் 2002இல் தொடங்கிய ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழுவினர் எழுத்துருவைத் திருத்தினார்கள். எழுத்தைத் திரையில் வரைந்து காட்டும் நிரலையே திறந்து அதிலும் கை வைத்தார்கள். 1970களின் எழுத்துச் சீர்திருத்தம் கைவிட்ட பழைய கூட்டெழுத்துகளை மீட்ட ‘ரசனா’ எழுத்துரு கட்டற்ற உரிமத்தில் எல்லாருக்கும் கிடைத்தது. மூல நிரல் பூட்டிக்கிடந்திருந்தால், ஓர் எழுத்து சரியாகத் தெரிவதற்கு எங்கோ ஒரு நிறுவனத்துக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

2006இல் வி.எஸ். அச்சுதானந்தன் அரசு வந்தது. ஸ்டால்மனும் மீண்டும் வந்தார். பள்ளிகள் லினக்ஸுக்கு மாறும் வேலை வேகம் பிடித்தது. 2007ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தந்தது. டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாக வைத்து, பள்ளிக்கூடத்துக்கென்றே ஓர் இயங்குதளத்தை உருவாக்கினார்கள். அதை உருவாக்குவதிலும் பரப்புவதிலும் முன்நின்ற ‘மாஸ்டர் டிரெயினர்கள்’ பெரும்பாலும் வகுப்பறையிலிருந்து வந்த ஆசிரியர்கள். கணக்கு வாத்தியார் ஜியோஜீப்ராவில் முக்கோணம் வரைந்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்து, வடிவம் எப்படி மாறினாலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையிலேயே நிற்பதைக் காட்டினார். புவியியலுக்கு கியூஜிஐஎஸ், வேதியியலுக்கு ‘கால்சியம்’ (Kalzium) என்ற மென்பொருள், படம் வரைய ஜிம்ப், இங்க்ஸ்கேப். பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் இந்தத் தளத்துக்கே மாறியது.

ஆரியசாலைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. கேரளத்தின் ஐ.டி. பாடநூல் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. கேரளத்தில் தமிழ் வழியில் படிப்பவர்கள் சந்தைக் கணக்கில் மிகச் சிறிய கூட்டம். அவர்களுக்காக எந்த நிறுவனமும் தனிப் பதிப்பு போடாது. கட்டற்ற தளத்தில் தமிழ் விசைப்பலகையையும் எழுத்துருவையும் சேர்க்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டின் கதை வேறு. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர், 2006க்குப் பிறகு அரசு அலுவலகங்களை சூசே லினக்ஸுக்கு மாற்றத் துணிச்சலோடு முயன்றார். அவர் பொறுப்பு மாறியதும் அந்த வேகம் தளர்ந்தது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸை வகுப்பில் கற்பிக்கப் பழகிய ஆசிரியர்கள் போதுமான அளவில் இல்லை. கேரளத்திலோ 2011இலும் 2016இலும் ஆட்சி மாறியது. பள்ளிகளில் லினக்ஸ் மாறவில்லை. மேலிருந்து வரும் உத்தரவை அடுத்த அதிகாரி ரத்து செய்துவிடலாம், ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் கைப்பழக்கத்தை ரத்து செய்ய முடியாது.

ஐ.டி. அட் ஸ்கூல் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. 2 லட்சம் பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அது கணக்குச் சொன்னது. எல்லா மென்பொருளையும் முழு விலைக்கு வாங்கியிருந்தால் என்ற கற்பனைக் கணக்கு அது. அந்தத் தொகையை எந்த அரசும் செலவிட்டிருக்காது. பள்ளிக்கு வெளியே, கேரள மின் வாரியம் தன் ஊழியர்களைக் கொண்டே கட்டற்ற மென்பொருளில் ‘ஒரும’ என்ற மின்கட்டணக் கணக்கு மென்பொருளை எழுதிக்கொண்டது. தன் வேலைக்கான மென்பொருளைத் தானே எழுதித் தானே பராமரிக்கத் தெரிந்தவர்கள் ஓர் அரசு நிறுவனத்துக்குள் உருவானதை எந்தத் தொகையில் எழுதுவது?

2020 ஜூன் 1 அன்று, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, கைட் நிறுவனம் தன் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ் வழி மாணவர்களுக்கும் கன்னட வழி மாணவர்களுக்கும் தனியாகப் பாடங்கள் தயாராயின. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கணினியோடு பழகிய ஆசிரியர் கூட்டம் அந்த நெருக்கடிக்கு முன்பே அங்கே இருந்தது.