ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை

சென்ற வாரம் கடலூர் அஞ்சலையம்மாளின் சரித்திரத்தைக் கண்டோம். 1927-இல் சென்னையில் நடந்த நீல் சிலைச் சத்தியாக்கிரகத்தில், தம் சிறு பெண் அம்மாக்கண்ணுவையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு சிறை புகுந்த அந்த அம்மையாருக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னதாகவே, சமுத்திரத்திற்கு அப்பால் தென்னாப்பிரிக்காவில், கைக்குழந்தைகளோடு காராக்கிருகம் சென்ற தமிழ்ப் பெண்கள் இருந்தனர். ஆப்பிரிக்கக் கண்டத்து வீராங்கனைகளின் வரிசையை யார் எழுதினாலும், அவ்வரிசையில் இப்பெண்களுக்கும், சிறப்பாக வள்ளியம்மைக்கும், இடமளிக்க வேண்டும் என்பது என் துணிபு.

1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச்சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல், நமது தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்தும் தஞ்சை ஜில்லாவிலிருந்தும் ஏழைக் குடியானவர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போய்க்கொண்டே இருந்தனர். ஒப்பந்தம் தீர்ந்தும் அங்கேயே தங்கியவர்கள் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விழுந்தது. அதுவும் போதாதென்று 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி ஸெர்ல் என்பவர், கிறிஸ்தவ முறைப்படி நடவாத விவாகங்கள் சட்டப்படி செல்லா என்று தீர்ப்பளித்தார். அக்கினி சாட்சியாகத் தாலி கட்டிக்கொண்ட பெண்கள் அனைவரும் ஒரே நாளில் மனைவியர் என்னும் அந்தஸ்தை இழந்தனர்; அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளின் வாரிசு உரிமையும் அதனோடு போயிற்று. அதுவரை அடுப்படியை விட்டு வெளிவராத பெண்கள் காந்தியடிகள் நடத்திய அறப்போருக்குக் கிளம்பியது இதனால்தான். அவர்களுள் ஒரு கூட்டத்தார் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர். ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தை விட்டு வெளியேறினர்.

தில்லையாடியைச் சேர்ந்த மங்களத்திற்கும் முனுசாமி முதலியாருக்கும் 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை, தாயோடு இப்போரில் இறங்கி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்றார். போன சில நாட்களிலேயே கடுஞ்சுரம் பற்றிக்கொண்டது. காலத்திற்கு முன்பே விடுதலை பெறும் வாய்ப்பு வந்தும் அவர் மறுத்துவிட்டார். பின்னர் வெளிவந்து படுத்த படுக்கையாய்க் கிடந்தவரைக் காந்தியடிகள் வந்து கண்டபோது, இயல்பாகவே நெடிய அவ்வுடம்பு எலும்பும் தோலுமாய் இளைத்திருந்தது. சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று அவர் வினவ, இப்போது கைது செய்தாலும் மீண்டும் போகச் சித்தமாயிருப்பதாக அப்பெண் மறுமொழி கூறினார். 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது பதினாறு.

அவ்வாண்டிலேயே தலைவரி ஒழிந்தது. நம்மவர் விவாகங்களுக்குச் சட்ட சம்மதமும் கிடைத்தது. பிராம்ஃபோன்டைன் மயானத்தில் நடந்த வள்ளியம்மையின் நினைவுக்கல் திறப்பில் காந்தியடிகளும் கலந்துகொண்டார்.

கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் சஷ்டியப்தபூர்த்திக்காகத் திருக்கடையூர் செல்லும் குடும்பங்கள் எத்தனையோ. அங்கிருந்து தில்லையாடி மிக அருகில்தான் இருக்கிறது. வள்ளியம்மைக்கு அங்கே நினைவு மண்டபமும் உண்டு. அடுத்த முறை போகும் அன்பர்கள், வீட்டுப் பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அம்மண்டபத்தை அவசியம் கண்டு வருவார்களாக.