சாம்பல் சொல்லும் வயது



சரித்திரம் என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஏடும் கல்வெட்டும் இல்லாத காலத்துக்குச் சரித்திரம் உண்டா? உண்டு. அதற்குச் சான்று, பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் இருக்கின்றது.

அங்கே கோத்தா தம்பான் என்னும் இடத்தில் 1938-ஆம் ஆண்டில் கோலிங்ஸ் என்பவர் அகழ்ந்து, கற்கருவிகளைக் கண்டார். 1987-இல் பேராசிரியர் சுரைனா மஜீத் அகழ்ந்தபோது, அது கருவி செய்யும் பட்டறை என்பது விளங்கிற்று. பட்டறைக் கல், சுத்தியல் கல், செதுக்கிய சில்லுகள் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. கூடவே எரிமலைச் சாம்பலும் இருந்தது. இந்தச் சாம்பலிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற்கேள்வி: எங்கிருந்து வந்தாய்? சாம்பல் என்பது விறகுச் சாம்பல் அன்று. வெடித்துச் சிதறிய கண்ணாடித் துகள். ஒவ்வொரு வெடிப்பின் துகளிலும் சிலிகா, பொட்டாசியம், இரும்பு ஆகியவற்றின் அளவு வேறுபடும். அதுவே அதன் கைரேகை. லெங்கோங் சாம்பலின் கைரேகை, 300 கிலோமீட்டருக்கும் அப்பால், சுமத்ராவிலுள்ள தோபாவோடு பொருந்திற்று. அங்கே 2,000 கன கிலோமீட்டருக்கும் அதிகமான பாறைக்குழம்பு வெளியேறிற்று. அடியில் தாங்க ஒன்றுமின்றி, மேல்நிலம் உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் தேங்கிய நீரே, சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள தோபா ஏரி. இந்தியாவில் ஆந்திரத்து ஜ்வாலாபுரத்திலும் அதே சாம்பல் கிடைத்திருக்கின்றது.

இரண்டாம் கேள்வி: எப்போது பிறந்தாய்? பால்மரத்து மங்கை எண்ணிப் பாருங்கள். காலி மங்கில் பால் ஒரே சீராகச் சொட்டுவதாக வைத்துக்கொண்டால், சேர்ந்த பாலின் அளவே வெட்டு முடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடும். சாம்பலிலுள்ள சானிடின் என்னும் படிகத்தில் ஒருவகைப் பொட்டாசியம் மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறுகின்றது. குழம்பாக இருக்கும்வரை வாயு தப்பி ஓடும். வெடித்துக் குளிர்ந்ததும் படிகத்துக்குள் அடைபட்டுச் சேரும். 1980-இல் வேறொரு முறையால் ஏறக்குறைய 30,000 ஆண்டு என்றனர். 2012-இல் லெங்கோங் படிகங்களின் ஆர்கானை அளந்தபோது கிடைத்த விடை, 73,880 ஆண்டு. முன்பின் 320 ஆண்டுகள். பழைய கணக்கைப் போல் இரு மடங்குக்கும் மேல்!

மூன்றாம் கேள்வியை மறக்கலாகாது: இங்கே எப்படிப் படிந்தாய்? வானிலிருந்து நேரே விழுந்திருந்தால், அதன் வயதைக்கொண்டு பட்டறையின் வயதைக் கணிக்கலாம். மழையும் ஆறும் அள்ளிவந்து பின்னாளில் சேர்த்திருந்தால், சாம்பலின் வயது வேறு, அது படிந்த காலம் வேறு. ஆற்றுநீர் அள்ளிவந்த அடையாளம் லெங்கோங் படிவுகளில் உண்டு என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. ஆகையால் பட்டறையின் வயதைச் சாம்பலை மட்டும் நம்பி முடிவு கட்டிவிட முடியாது.

2012-இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அங்கே கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை. பெயர் தெரியாத உழைப்பாளிகள் கல் செதுக்கிய இடமே போற்றப்படுகின்றது. உழைத்த கைகளுக்கும் சரித்திரம் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம். மண் வெட்டும்போது புதுமையான கல்லோ வெளிறிய சாம்பல் அடுக்கோ கண்ணில் பட்டால், கலைக்காமல் பள்ளி ஆசிரியரிடம் தெரிவிப்போம். இருந்த இடத்தில் இருந்தால்தான் அது பேசும்.