பதிவேடும் கத்தியும்

ஒரு சட்டத்தின் சரித்திரத்தை அது தண்டித்தவர்களைக் கணக்கெடுத்து எழுதுவது வழக்கம். அது யார் யாரை வைத்தியரிடம் போகவிடாமல் தடுத்தது என்று எழுதுவது அபூர்வம். திருநங்கைகள் விஷயத்தில் இந்த இரண்டாவது சரித்திரம்தான் கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

1871ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. சந்தேகத்துக்குரியவர் என்று கருதப்பட்டவரின் பெயரும் சொத்தும் பதிவேட்டில் ஏறும். பதிவானவர் பெண்ணுடையில் தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். இரண்டு வருஷம் வரை சிறை. உயில் எழுதவோ தத்தெடுக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் இவற்றுக்காக வந்த ஏற்பாடு இது. சென்னை மாகாணம் அதில் சேரவில்லை. நம்முடைய சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்குச் சௌகரியமான தகவல்.

ஆனால் சென்னைக்குப் பதிவேடு தேவைப்படவில்லை. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டமே போதுமானதாக இருந்தது. அதன் 377ஆம் பிரிவை, 2018இல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கிய பிறகு, எல்லோரும் அறிவார்கள். அதிகம் பேசப்படாதது 320ஆம் பிரிவு. எவையெல்லாம் கொடுங்காயம் என்று வரிசைப்படுத்தும் அந்தப் பிரிவில், கண் போவதற்கும் எலும்பு முறிவதற்கும் முன்னால், முதலாவதாக நின்றது ஆண்மையை அழித்தல். சம்மதத்தோடு, ஒருவருடைய நன்மைக்காக, நல்லெண்ணத்துடன் செய்வது குற்றமாகாது என்று 88ஆம் பிரிவு சொல்லத்தான் செய்தது. ஆனால் ஒருவர் கேட்டபடி அவர் உடலை மாற்றித் தருவது நன்மைதானா என்பதை யார் தீர்மானிப்பது? அந்தக் கேள்வியைத் தலையில் போட்டுக்கொள்ளத் துணிந்த டாக்டர்கள் அரிது.

தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றியும் பாண்டி பஜாரிலும் கடைகடையாகக் காசு வாங்குவதை அவர்கள் 'கடை கேட்பது' என்பார்கள். பிழைப்புக்கு அது ஒரு வழி. 1945ஆம் வருஷத்து மதராஸ் பிச்சைத் தடுப்புச் சட்டத்தின் பார்வையில் அதுவும் குற்றம். அப்படிச் சேர்த்த பணத்தோடு ஒருத்தி சென்ட்ரலுக்கு வந்து கடப்பாவுக்கு ரயிலேறுவாள். அங்கே காதும் காதும் வைத்தாற்போல் அறுத்து அனுப்புவார்கள். அதற்கும் வழியில்லாதவளுக்கு ஜமாத்தின் தாயம்மாவும் அவளுடைய கத்தியும். இரண்டுக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர் ஒன்றுதான்: நிர்வாணம். சென்ட்ரல் வாசலில் நிற்கிறவளுக்கு நேர் எதிரே அரசு பொது மருத்துவமனை. நடுவே ஒரு சாலை. அந்தச் சாலையைக் கடக்க முடியாமல்தான் அவள் ஆந்திரத்துக்குப் போனாள்.

2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கான நல வாரியம் அமைந்தது. இந்தியாவில் அதுவே முதல். பிற்பாடு அதே பொது மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கத்திலும் அரசு செலவில் இந்த அறுவைச் சிகிச்சை நடந்தது. இதற்காகச் சட்டத்தில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 2024 ஜூலையில் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோதும் கொடுங்காயப் பட்டியலில் முதலிடம் அதற்கே. அரசாங்கம் பொறுப்பேற்றதும் பயம் விலகியது, அவ்வளவுதான். அப்படியானால் இத்தனை காலம் தடுத்து நின்றது எழுத்தைவிட எழுத்தின் நிழல்.

பதிவேடும் வேறு உருவில் திரும்பியது. தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு, அறுவைச் சிகிச்சையைக் கட்டாயப்படுத்துவது தவறு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் நிறைவேறிய சட்டமோ கலெக்டரின் சான்றிதழைக் கேட்டது. ஆண் அல்லது பெண் என்று பதிய, சிகிச்சை முடிந்ததற்கு மருத்துவ அதிகாரியின் அத்தாட்சியைக் கேட்டது. இவர்கள்மீதான பாலியல் கொடுமைக்கு அது வைத்த உச்ச தண்டனை இரண்டு வருஷம். 1871இல் புடவை கட்டியதற்கு வைத்த அதே இரண்டு வருஷம்.

ஸ்வீடனின் 1972ஆம் வருஷத்துச் சட்டம், பாலினத்தை மாற்றிப் பதியவேண்டுமானால் மலடாக்கிக்கொள்ள வேண்டும் என்று நாற்பது வருஷம் நிர்ப்பந்தித்தது. அங்கே கத்தி கட்டாயம். இங்கே கத்தி கொடுங்காயம். உடலுக்குச் சொந்தக்காரர் மட்டும் இரண்டு இடத்திலும் வேறு யாரோ.

இதில் நமக்கும் பங்கு உண்டு. மயிலாப்பூர் மாடியறைகளிலும் அடையாறு வராந்தாக்களிலும் உட்கார்ந்து அந்நியமாதலைப் பற்றி நாம் பேசிய வருஷங்களில்தான் கடப்பா ரயில் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் சு. சமுத்திரம் 'வாடாமல்லி' எழுதியபோது அதற்கு இடம் கொடுத்தது ஒரு வெகுஜன வாரப் பத்திரிகை. நம் தரமான பக்கங்களில் அவள் கவிதைக்கு ஒரு படிமமாக வந்தாள், மனுஷியாக வரவில்லை. கடைசியில் ரேவதியின் 'உணர்வும் உருவமும்' 2004இலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' 2007இலும் வந்தன. அந்த ரயிலைப் பற்றி அதில் போனவர்களேதான் எழுதவேண்டியிருந்தது.