புனுகுப்பூனைக் குடும்பம்

புனுகுப்பூனைக் குடும்பம் (விவெரிடே) ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென்மேற்கு ஐரோப்பாவிலும் வாழும் பாலூட்டிக் குடும்பம். ஏறத்தாழ 33 இனங்கள் கொண்டது. பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை. ஊனுண்ணி வரிசையில் வைக்கப்பட்டாலும் பல இனங்களுக்குப் பழமே முக்கிய உணவு. வழக்கில் ஒன்றைப் பூனை என்றும் இன்னொன்றை நாய் என்றும் அழைத்தாலும் இவை இரண்டுமே அல்ல.

புதுச்சேரி வட்டாரத்து இனங்கள்

புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில் காடுகளில் இக்குடும்பத்தின் இரண்டு இனங்கள் காணப்படுகின்றன. மரநாய் 2 முதல் 5 கிலோ வரை எடையுள்ளது. சாம்பல் உடல், கறுத்த கால்கள், முகத்தில் முகமூடி போன்ற கறுப்புப் பட்டை ஆகியவை இதன் அடையாளங்கள். மரப்பொந்திலும் ஓட்டு வீட்டுப் பரணிலும் பகலைக் கழிக்கும். பனையிலும் தென்னையிலும் கட்டிய கலயத்துக் கள்ளையும் விட்டுவைக்காது. இன்னொன்றான சிறு புனுகுப்பூனை சற்றுச் சிறியது, தரையில் இரைதேடும். முதுகில் கோடுகளும் வாலில் கறுப்பு வளையங்களும் உண்டு. எலி, பூச்சி, பழம் தின்னும்.

தோப்பும் விதையும்

1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியின் 'குயில் பாட்டு'க்குக் களம் கருவடிக்குப்பத்து மாந்தோப்பு. மரநாய்க்கு ஏற்ற வீடும் இத்தகைய பழத்தோப்பே. விடியற்காலையில் மதில்மேல் கிடக்கும் அதன் எச்சத்தைப் பார்த்தால், சப்போட்டா, நாவல், ஈச்சம் விதைகள் சிதையாமல் பளபளவென்று இருக்கும். தின்ற மரத்திலிருந்து வெகுதூரத்தில் அவை விழுந்து முளைக்கின்றன. தோப்பால் பிழைக்கும் விலங்கு தோப்பை வளர்க்கவும் செய்கிறது.

புனுகு

புனுகு என்பது புனுகுப்பூனையின் பிறப்புறுப்பை ஒட்டிய சுரப்பியில் ஊறும் மணப்பொருள். விலங்கு தன் எல்லையைக் குறிக்கத் தடவுவது இதுவே. பிடித்து அடைத்த கூண்டில் நட்ட கட்டையில் அது உரசிவிட்டுப் போனதும் பிசுபிசுப்பான பொருளைச் சுரண்டி எடுத்தார்கள். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் கவசம் களைந்து புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துகிறார்கள். மயிலாடுதுறைக் கூறைநாட்டில் இறைவன் பெயரே புனுகீசுவரர். புனுகுப்பூனை சிவனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது.

பாதுகாப்பு

புனுகுக்காகவும் இறைச்சிக்காகவும் இக்குடும்ப விலங்குகள் பிடிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம். மேற்குக் கடற்கரையின் மலபார் புனுகுப்பூனை அழிவின் விளிம்பில் உள்ளது. மரநாயும் சிறு புனுகுப்பூனையும் அந்த நிலைக்கு வரவில்லை. ஆனால் தோப்புகள் மனைகளாகும்போது பொந்துள்ள முதுமரங்களே முதலில் வெட்டப்படுகின்றன. பொந்தை இழந்து கூரைக்குள் வந்த மரநாயை அடிக்கக் கூடாது. வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அது வெளியே போன இரவில் வழியை அடைத்தால் போதும், குட்டிகள் உள்ளே இல்லை என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.