"தவிர்த்திருக்கக்கூடிய விபத்து": ஒரு சொல்லின் வரலாறும் புதிய சாரதியின் எதிர்காலமும்

வீதி விபத்து பற்றிய செய்திகள் எமது பத்திரிகைகளில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்துடன் முடிவடைவதுண்டு. சாரதியின் கவனயீனமே விபத்துக்குக் காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர் என்பதே அந்த வாக்கியம். பல வருடங்களாகப் பத்திரிகைத் துறையில் இருந்துவரும் எனக்கு அது நன்கு பழகிப்போன வாக்கியம். அதற்குப் பின்னர் அந்தச் சாரதிக்கு என்ன நேர்ந்தது, அவருக்கு மீண்டும் எவராவது வேலை கொடுத்தார்களா என்ற கேள்விகள் செய்தியறைகளில் எழுவது அரிது. ஆனால், அந்தக் கேள்விகளைச் சுற்றியே சட்டங்களும் பதிவேடுகளும் வளர்ந்த நாடொன்று இருக்கிறது. அது அமெரிக்கா. ரொறன்ரோவில் இருந்து எல்லை கடந்து அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாரவூர்தி ஓட்டுபவர்களில் எமது இளைஞர்களும் இருக்கிறார்கள் என்பதால், அந்த வரலாறு எமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அமெரிக்கப் போக்குவரத்துத் தொழிலில் விபத்துகள் 'தவிர்த்திருக்கக்கூடியவை', 'தவிர்த்திருக்க முடியாதவை' என்று இரண்டாக வகுக்கப்படுகின்றன. இது சட்டத்தின் கண்ணில் யார் குற்றவாளி என்ற கேள்வியில் இருந்து வேறுபட்டது. மற்ற வாகனத்தின் சாரதிக்கே பொலிஸார் தண்டப்பணம் விதித்திருந்தாலும் கூட, "எங்கள் சாரதி சற்று முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்தால் மோதல் நடந்திராது" என்று நிறுவனம் கருதினால், அது தவிர்த்திருக்கக்கூடிய விபத்தாகவே பதிவாகும். 1913 இல் தோற்றுவிக்கப்பட்ட தேசிய பாதுகாப்புப் பேரவை பரப்பிய விளக்கத்தின்படி, விபத்தைத் தடுப்பதற்கு நியாயமாகச் செய்யக்கூடிய அனைத்தையும் சாரதி செய்தாரா என்பதே அளவுகோல். முழுப்பாரம் ஏற்றிய சுமார் 36 தொன் வாகனம் மணிக்கு 105 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது முற்றாக நிற்பதற்கு ஏறத்தாழ 160 மீற்றர் தூரம் வேண்டும். அத்தகைய வாகனத்தை ஓட்டுபவரிடம் சட்டம் கேட்பதைவிடக் கூடுதலான முன்னெச்சரிக்கையை எதிர்பார்ப்பது நியாயமே. ஆகவே இந்தச் சொல் தண்டிப்பதற்காகப் பிறந்ததல்ல. அடுத்த விபத்தைத் தடுக்கக் கற்பிப்பதற்காகப் பிறந்தது.

கற்பிக்கப் பிறந்த அந்தச் சொல் ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் முத்திரையாக மாறிய கதையே இங்கு கவனத்துக்குரியது.

1935 இல் கொண்டுவரப்பட்ட மோட்டார் போக்குவரத்துச் சட்டம் லொறித் தொழிலை மத்திய அரசின் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தது. யார் எந்தப் பாதையில் எந்தக் கட்டணத்துக்குச் சரக்கு ஏற்றலாம் என்பதை மாநிலங்களுக்கிடையிலான வர்த்தக ஆணைக்குழு தீர்மானித்தது. போட்டி குறைவாக இருந்ததால் நிறுவனங்களின் வருமானம் உறுதியாக இருந்தது. அந்த உறுதியின் மீது டீம்ஸ்ரர்ஸ் தொழிற்சங்கம் தனது பலத்தைக் கட்டியெழுப்பியது. 1964 இல் ஜிம்மி ஹொஃபாவின் தலைமையில் கைச்சாத்தான தேசிய ஒப்பந்தம் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தது. ஹொஃபாவின் மீதான ஊழல் குற்றச்சாட்டுகளும் சிறைவாசமும் தனிக்கதை. சாரதியைப் பொறுத்தவரை அந்த ஒப்பந்தத்தினால் கிடைத்த பயன் தெளிவானது. விபத்துக்காக வேலையில் இருந்து நீக்கப்பட்டால் அவர் முறையிடலாம். தொழிற்சங்கமும் முதலாளிமாரும் சமமாக அமர்ந்த குழு அதனை விசாரிக்கும். தவறு செய்தவர் தண்டிக்கப்படாமல் இல்லை. ஆனால், தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஒரு தரப்பிடம் மாத்திரம் இருக்கவில்லை.

1980 ஜூலை 1 ஆம் திகதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டது. கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன, புதிய நிறுவனங்கள் பெருகின, சரக்குக் கட்டணம் வீழ்ச்சியடைந்தது. 1980 இல் சுமார் 18 ஆயிரமாக இருந்த உரிமம்பெற்ற நிறுவனங்களின் எண்ணிக்கை பத்து வருடங்களில் 40 ஆயிரத்தைத் தாண்டியது. நீண்டதூர லொறித் தொழிலில் சங்கம் மெல்ல மெல்லச் செல்வாக்கிழந்தது. ஒரே நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வுபெறும் சாரதிகளின் இடத்தை, வருடத்துக்கொரு நிறுவனம் மாறும் சாரதிகள் பிடித்தார்கள். பெரிய நிறுவனங்களில் சாரதிகள் விலகிச்செல்லும் வருடாந்த வீதம் 2000களின் நடுப்பகுதியில் நூறு சதவீதத்தையும் தாண்டியிருந்தது. எவரும் எவரையும் அறியாத அந்தச் சந்தையில், வேலை கேட்டு வருபவர் யார் என்பதை அறிய முதலாளிக்கு ஒரு பதிவேடு தேவைப்பட்டது.

அந்தத் தேவையில் நியாயம் இருந்தது. அக்காலத்தில் சாரதி ஒருவர் பல மாநிலங்களில் அனுமதிப்பத்திரங்களை வைத்துக்கொண்டு, தனது குற்றங்களை அவற்றிடையே பகிர்ந்து மறைத்துவிட முடிந்தது. 1986 இன் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒருவருக்கு ஒரே அனுமதிப்பத்திரம் என்ற விதியை அது கொண்டுவந்தது. வர்த்தக வாகன அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் கனரக வாகனம் ஓட்டக்கூடாது என்ற நிலை 1992 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அரசின் பதிவேட்டுக்குப் பக்கத்தில் தனியார் பதிவேடொன்றும் வளர்ந்தது. ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் தொடங்கப்பட்டு, பின்னர் ஹயர்ரைட் நிறுவனத்தின் கைக்குச் சென்ற 'டிஏசி' அறிக்கையே அது. சாரதி எந்த நிறுவனத்தில் எவ்வளவு காலம் வேலை செய்தார், ஏன் விலகினார், அவருக்கு என்ன விபத்துகள் நேர்ந்தன, அவரை மீண்டும் வேலைக்கு எடுக்கலாமா என்ற விபரங்களைப் பழைய முதலாளி அனுப்புவார். புதிய முதலாளி பணம் கொடுத்துப் பெறுவார். முன்பு இரு தரப்பும் அமர்ந்து விசாரித்த ஒரு விடயத்தில் இப்போது ஒரு தரப்பின் சொல் மாத்திரமே பதிவாகிறது என்பது இங்கு நோக்கற்பாலது.

இந்த முறையினால் மிகவும் பாதிக்கப்படுபவர் புதிய சாரதியே. இருபது வருடம் ஓட்டியவரின் பதிவில் ஒரு விபத்து என்பது ஒரு வரி. ஆறு மாதம் ஓட்டியவருக்கோ அதுவே முழுப்பதிவு. அனுபவமில்லாதவர்களை வேலைக்கு எடுப்பவை பெரும்பாலும் சொந்தப் பயிற்சித் திட்டங்களையும் விபத்துச் செலவைத் தாமே தாங்கும் நிதிபலத்தையும் கொண்ட பெரிய நிறுவனங்களே. சிறிய நிறுவனங்கள் காப்புறுதியாளரின் சொல்லைக் கேட்டே நடக்கவேண்டும். சாதாரண சரக்கு ஏற்றும் நிறுவனங்களுக்கு மத்திய சட்டம் விதித்த குறைந்தபட்சக் காப்புறுதி 1985 முதல் 7 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். நீதிமன்றங்கள் வழங்கும் நட்டஈடு அதைவிடப் பன்மடங்கு பெருகியதால், ஒன்று அல்லது இரண்டு வருட அனுபவமும் விபத்தில்லாத பதிவும் இல்லாதவரைக் காப்புறுதியாளர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள். இவ்வாறாக, பெரிய நிறுவனம் நீக்கிவிட்டால் சிறிய நிறுவனம் எடுக்காது. எவரும் எடுக்காவிட்டால் அனுபவம் சேராது. தரிப்பிடத்தில் பின்னோக்கிச் செலுத்தும்போது அடுத்த லொறியின் முகப்பில் உரசியது போன்ற, எவருக்கும் காயமேற்படாத சம்பவம்கூட ஒருவரை இந்தப் பொறிக்குள் தள்ளிவிடக்கூடும்.

மத்திய விதிகளின்படி 'விபத்து' என்பது உயிரிழப்பு, சம்பவ இடத்தில் இருந்து கொண்டுசென்று சிகிச்சையளிக்க வேண்டிய காயம், வாகனத்தை இழுத்துச்செல்ல வேண்டிய சேதம் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால் மாத்திரமே பதிவுக்குரியது. உரசல்கள் அதில் அடங்கா. ஆனால், நிறுவனங்கள் தமது சொந்த அளவுகோலை வைத்திருக்கின்றன.

பாதுகாப்பு ஏற்பாடுகள் படிப்படியாகவே வந்தன. 1970 இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இத்தகைய தனியார் அறிக்கைகளுக்கும் பொருந்தும். தவறான பதிவை ஆட்சேபித்தால் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரிக்கப்பட வேண்டும். 2004 இல் நடைமுறைக்கு வந்த விதி, முந்திய மூன்று வருடங்களின் விபத்து விபரங்களைப் பழைய முதலாளியிடம் கேட்டறிய வேண்டும் என்று புதிய முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. அதே விதி அந்த விபரங்களைப் பார்வையிடவும், திருத்தக் கோரவும், மறுப்பை இணைக்கவும் சாரதிக்கு உரிமை வழங்கியது. 2010 இல், ஐந்து வருட விபத்துகளையும் மூன்று வருடப் பரிசோதனைகளையும் காட்டும் அரசாங்க அறிக்கை அறிமுகமானது. 2012 இல் ஹயர்ரைட் நிறுவனம், அறிக்கைகளின் துல்லியத்தை உறுதிசெய்யத் தவறியதாக மத்திய வர்த்தக ஆணைக்குழு சுமத்திய குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்ள 26 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. தவிர்த்திருக்க முடியாதது என்று ஒரு விபத்தை அரசே மீளாய்வு செய்து அறிவிக்கும் முறை 2017 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2020 இல் நிலைபெற்றது. அதுவும் குறிப்பிட்ட சில வகை விபத்துகளுக்கே.

பயிற்சி விடயத்தில் அரசு இன்னும் தாமதம் காட்டியது. புதிய சாரதிகளுக்கான மத்திய பயிற்சி விதி 2022 பெப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. அதிலும் வாகனம் ஓட்டிப் பழகவேண்டிய குறைந்தபட்ச மணித்தியாலங்கள் குறிப்பிடப்படவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2017 ஜூலையில் 103.5 மணித்தியாலப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. சஸ்கச்சுவான் மாகாணத்தில் அவ்வாறான விதி 2019 மார்ச்சில் தான் வந்தது. அதற்கு முந்திய வருடம், 2018 ஏப்ரல் 6 ஆம் திகதி, அங்கு ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பேருந்தும் லொறியொன்றும் மோதி 16 பேர் உயிரிழந்தனர். நிறுத்தற் குறியைக் கவனிக்காமல் வந்த சாரதி வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவருக்கு எட்டு வருடச் சிறை. பாதுகாப்பு விதிகளை மீறிய லொறி உரிமையாளருக்கு 5,000 டொலர் தண்டம். சாரதியின் பொறுப்பை எவராலும் மறுக்கமுடியாது, அவரே மறுக்கவில்லை. ஆனால், இவ்விரு தண்டனைகளுக்கும் இடையிலான தூரம், பொறுப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைச் சொல்லப் போதுமானது.

இந்தத் தொழிலில் புதிதாகக் கால்வைத்த எமது இளைஞர்களுக்கு இவ்வரலாற்றில் இருந்து சொல்லக்கூடியவை சில உண்டு. முதல் விபத்து தொழிலின் முடிவல்ல. ஆனால், மறைப்பது முடிவாகலாம். அமெரிக்க விதிகளின்படி வேலை விண்ணப்பத்தில் மூன்று வருட விபத்துகளையும் பத்து வருட வேலை விபரங்களையும் எழுதவேண்டும். மறைத்தது வெளிப்பட்டால் விபத்தை மன்னிக்கக்கூடியவர்களும் பொய்யை மன்னிக்கமாட்டார்கள். நீக்கப்படுவதற்கு முன்னர் தாமாக விலகுவது பதிவை அழித்துவிடாது. சம்பவ இடத்தின் படங்களையும் பொலிஸ் அறிக்கையையும் பேணிவைத்தல், தமது அறிக்கைகளைத் தாமே பெற்று வாசித்தல், தவறு இருந்தால் எழுத்தில் ஆட்சேபித்தல் ஆகியவை சட்டம் தந்த உரிமைகள். பயன்படுத்தாத உரிமை காகிதத்தில் மாத்திரமே இருக்கும்.

பதிவேடுகள் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. வீதியில் செல்லும் குடும்பங்களின் உயிர் அவற்றிலும் தங்கியிருக்கிறது. ஆனால், பயிற்சியைக் குறைத்த நிறுவனமே விபத்தை வகைப்படுத்தி, வகைப்படுத்திய நிறுவனமே அதனைப் பதிவுசெய்யும் போது, தவிர்த்திருக்கக்கூடியது எது என்ற கேள்வி சாரதியிடம் மாத்திரம் கேட்கப்படுகிறது. இரண்டு வாரப் பயிற்சியுடன் ஒருவரிடம் 36 தொன்னை ஒப்படைத்த முடிவும் தவிர்த்திருக்கக்கூடியதே. அந்த முடிவை எடுத்தவரின் பெயருக்கு எதிரே அதனைக் குறித்துவைக்கும் பதிவேடு எதுவும் இல்லை.