பிடில் வந்த வழி: ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து சில குறிப்புகள்

கர்நாடக இசை வரலாறு என்னும் சொல்லாடலுக்குள் வயலினின் வருகை எப்போதும் ஓர் அதிசயக் கதை. பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அந்த வாத்தியத்தைக் கற்றார். மணலி முதலியார் குடும்பம் ஆதரித்தது. அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் கோட்டை பேண்டுக்காரர்களின் மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். இன்று குழந்தைகள் பாடும் நாற்பதை ஒட்டிய நோட்டுஸ்வரங்கள் பிறந்தன. மேதைமை, பெருந்தன்மை, கலப்பு. அவ்வளவுதான் கதை. மெட்டு யாருடையது, மேதைக்குச் சோறு போட்ட நிலம் யாருடையது என்னும் கேள்விகள் இந்தப் பிரதிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது கேள்வி அச்சங்குளத்துக்காரனான எனக்கு லேசு. எங்களுக்குப் பக்கத்தில்தான் ஏழாயிரம்பண்ணை. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட கம்பெனி பறித்துக்கொண்ட பாளையங்களில் அதுவும் ஒன்று. எட்டயபுரம் எதிர்ப்பக்கம். கம்பெனிக்குத் துணை நின்றது, பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கும் வாங்கியது. பாலுஸ்வாமி பிடிலோடு போய்ச் சேர்ந்த அரண்மனை அந்த எட்டயபுரந்தான். முத்துஸ்வாமி 1835இல் மறைந்ததும் அங்கே. பாலுஸ்வாமியின் பேரனும் சுவீகாரப் புத்திரனுமான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியதும் அங்கேதான். அதுக்கென்ன இப்போ, கீர்த்தனை கெட்டுப்போச்சா என்று கேட்பார்கள். கெடவில்லை. ஆனால் நமது இசையின் மாபெரும் ஆவணம் ஜெயித்த பக்கத்து அரண்மனையில் தயாரானது என்பதையும் சேர்த்துத்தான் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இனி மெட்டு. 'வந்தே மீனாக்ஷி' என்னும் நோட்டுஸ்வரத்தின் மெட்டு அயர்லாந்து நாட்டுப்புற ஆட்டமெட்டு. 1650களில் கிராம்வெல் ஆட்சி அங்கே கத்தோலிக்கர்களின் நிலத்தைப் பெருமளவில் பறித்தது. பின்னாளில் கம்பெனிப் பட்டாளத்தின் ஐரோப்பியச் சிப்பாய்களில் பெரும்பங்கு அந்த நாட்டு ஏழைகள். நிலமிழந்தவர்களின் பாட்டு, நிலம் பறிக்கும் பட்டாளத்தின் பேண்டு வழியாக நம்மிடம் வந்திருக்கிறது. அவனும் அடிமை நாமும் அடிமை, ஆகவே சகோதரர்கள் என்று முடித்துவிடுவது சுலபம். துப்பாக்கி அவன் கையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

நோட்டுஸ்வரம் நமக்குக் கற்பிக்கும் ஒரு கருத்தாக்கம் உண்டு: மேற்கின் சுரம் கமகமில்லாத மொட்டைச் சுரம். இதை எனக்குக் கலைத்துப் போட்டது 1999இல் வெளியான ஒரு நேரடி நிகழ்ச்சிப் பதிவு. சியாட்டில் நகரில் இருவர் மட்டும் வாசித்தது. பிடில், கிளேர் மாவட்டத்து மார்ட்டின் ஹேய்ஸ். கிட்டார், சிகாகோவில் பிறந்து 2022இல் மறைந்த டெனிஸ் கேஹில். பிடில் தனியாக, அவசரமே இல்லாமல் தொடங்குகிறது. கிட்டார் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுக்கொடுக்கிறது. ஒரு மெட்டு இன்னொன்றில் ஏறி, வேகம் கூடிக் கூடி, கிட்டத்தட்ட அரைமணி நேரம் நிற்காமல் போகிறது. மெட்டின் ஒவ்வொரு பகுதியும் இரண்டு முறை வரும். இரண்டாம் முறை வில் வேறு இடத்தில் வழுக்கும், விரல் வேறு சுரத்தைச் சுண்டும். கமகம் என்று நாம் சொல்லும் இலக்கணத்துக்குள் அது அடங்காதுதான். ஆனால் மொட்டைச் சுரமும் இல்லை. மொட்டையடித்தது பேண்டு. ஒரே சீராக, பத்துப் பேர் சேர்ந்தாற்போல ஊதினால்தானே அணிவகுப்பு நடக்கும்! இராணுவ ஒழுங்கைத்தான் நாம் 'மேற்கு' என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம்.

அங்கேயும் ஏறத்தாழ இதே நடந்தது. 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட்டில் கூடிய யாழ்க்கலைஞர்களின் மெட்டுகளை எட்வர்ட் பன்டிங் என்னும் இளைஞர் குறித்துக்கொண்டார். சில ஆண்டுகளில் அவை பியானோவுக்கான புத்தகமாக, நடுத்தர வர்க்க வீட்டுக் கூடங்களுக்குப் போயின. சுப்பராம தீட்சிதர் ஒரு விதத்தில் மேல்: கமகங்களுக்கென்றே தனித்தனி அடையாளக் குறிகள் போட்டார்.

யாருடைய கமகத்துக்கு என்பதுதான் கேள்வி. எங்க பக்கம் பங்குனிப் பொங்கலில் நையாண்டி மேளம் வரும். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், பம்பை. ஒரு நாயனக்காரர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் மற்றவர் எடுத்து வேறு பக்கமாக இழுத்துக்கொண்டு போவார். கரகக்காரியின் கால் அதைப் பார்த்துத் திரும்பும். அந்த இழுப்புக்குப் பிரதர்சினியில் குறி இல்லை.