கொல்கத்தா யூதர் சமையற்கூடமும் சமய உணவு விதிகளும்

உணவு விலக்குகள் சமயங்களைப் பிரித்து நிறுத்தும் வேலிகள் என்பது சமூக வரலாற்றாய்வில் பெரிதும் வழங்கிவரும் கருத்தாகும். தமிழ்ச் சூழலில் புலால் மறுத்தலும் உடனுண்ணாமையும் சாதி எல்லைகளோடு பிணைந்து கிடப்பதால் இக்கருத்து எளிதில் ஏற்கப்பட்டுள்ளது. கொல்கத்தாவில் வாழ்ந்த பாக்தாதி யூதரின் சமையற்கூடம் இதனை மீளாய்வு செய்யத் தூண்டுகிறது. உணவு விதிகளைப் பேணிய அச்சமூகம் தன் அடுப்பைப் பெரும்பாலும் இசுலாமியச் சமையற்காரரிடமே ஒப்படைத்திருந்தது.

அலெப்போ நகரினரான ஷாலோம் கோஹன் சூரத் வழியாக 1798இல் கல்கத்தா வந்தடைந்தார். அவரைத் தொடர்ந்து பாக்தாத், பாஸ்ரா முதலிய நகரங்களின் வணிகக் குடும்பங்கள் குடியேறின. 1884இல் எழுப்பப்பெற்ற மாகேன் டேவிட் தொழுகைக்கூடம் அவர்தம் செல்வநிலைக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது.

யூத விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே உணவில் கலத்தல் ஆகாது. இரண்டிற்கும் கலங்களும் வேறு வேறு. முகலாயச் சமையலோ தயிரிலும் நெய்யிலும் இறைச்சியைப் பதப்படுத்துவது. ஆகவே கல்கத்தா யூதர் இல்லங்களில் நெய்க்கு மாற்றாக எண்ணெயும், தயிருக்கும் பாலுக்கும் மாற்றாகத் தேங்காய்ப்பாலும் புகுந்தன. தேங்காய்ப்பால் பெயரளவில்தான் பால். விதி அதனைத் தடுப்பதில்லை. துடுப்பும் செதிலும் அற்ற நீர்வாழுயிர்கள் விலக்கப்பட்டமையால் வங்காளியர் போற்றும் இறால் அவ்வில்லங்களுக்குள் நுழையவில்லை. செதிலுடைய ஹில்சா மீனுக்கு அத்தடை இல்லை. இச்சமையலின் தனி அடையாளம் 'ஆலு மக்கல்லா'. பொரித்தது எனப் பொருள்படும் அரபுச் சொல் இப்பெயரில் உள்ளது. உப்பும் மஞ்சளும் இட்டு அரைவேக்காடாக எடுத்த முழு உருளைக்கிழங்கை எண்ணெயில் நெடுநேரம் பொரிப்பர். மேலே கடினமான ஓடும் உள்ளே மென்மையும் அமையும். எண்ணெயில் பொரித்ததாகையால் கோழியிறைச்சியோடு தடையின்றிப் பரிமாறலாம். ஓய்வுநாளில் தீமூட்டல் கூடாது என்பதால் 'ஹமீன்' என்னும் உணவு வெள்ளி மாலைக்குள் தணலில் ஏற்றப்பட்டு இரவு முழுதும் வெந்தது.

இசுலாமியச் சமையற்காரர் அமர்த்தப்பட்டமைக்கு இரு சமய விதிகளின் நெருக்கமே முதற்காரணம் எனலாம். பன்றியிறைச்சி இருவர்க்கும் விலக்கு. ஆயினும் இவ்வுறவு சமனானதன்று. யூத விதிப்படி அறுக்கப்பட்ட இறைச்சியையே யூதர் உண்ணலாம். முசுலிம் அறுத்தது அவர்க்கு ஆகாது. வேதம் அருளப்பட்டோரின் உணவு முசுலிம்களுக்கு ஆகுமென்பதோ குர்ஆன் 5ஆம் அத்தியாயத்தின் கூற்று. எனவே சமைத்தவர் தாம் சமைத்ததை உண்ணத் தடையில்லை. அந்தணர் சமையற்காரரை இவ்விடத்தில் வைத்து நோக்கின் வேறுபாடு புலப்படும். அவருக்கு அக்கலங்களைத் தொடுவதே இயலாதிருந்திருக்கும். இங்கு விலக்குகளே ஒரு தொழிலுறவுக்கு வழிவகுத்தன என்பது கருதத்தக்கது.

1947க்குப் பின் இச்சமூகத்தார் பிரித்தானியா, இசுரேல், ஆத்திரேலியா ஆகிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோர் இன்று மிகச் சிலரே. 1902இல் தோன்றிய நஹூம் அடுமனை நியூ மார்க்கெட்டில் நிலைத்துள்ளது. கிறித்துமசு நாள்களில் அதன் பழக்கேக்கிற்காகப் பல சமயத்தாரும் வரிசையில் நிற்கின்றனர். தொழுகைக்கூடங்களைத் தலைமுறைகளாகக் காத்துவருவோரும் முசுலிம்களே. இச்சமையலின் செய்முறைகளைப் புலம்பெயர்ந்த யூதப் பெண்டிர் நூல்களாக எழுதி வைத்தனர். இரு கலவரிசைகளையும் கலவாது பேணி அடுப்படியில் நின்ற சமையற்காரரிடமிருந்து அத்தகைய நூல் எதுவும் எழவில்லை. அவர்தம் கைப்பக்குவம் வீட்டுக்காரரின் நினைவு வழியாகவே நமக்கு எட்டுகிறது.